உன் திவசச் சோற்றைச் சமைத்த பிள்ளை

எனக்கு முன்னால் பிறந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் முன்னால் போயும்விட்ட என் அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. அங்கே நுளம்புக் கடியும் இல்லை, மருமகளும் இல்லை, நன்றாகத்தான் இருப்பாய். நான்தான் நலமில்லை. போன திவசத்திலிருந்து வயிற்றைக் குமட்டிக்கொண்டு வருகிறது. எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டிவிட்டால் கொஞ்சம் அடங்கும் என்று எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன், நாலு பேர் படிக்கட்டும். மற்றவர்கள் பெயரையெல்லாம் மாற்றியிருக்கிறேன். என் பெயரை மாற்றவில்லை.

முதலில் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் நீ எரிச்சல்படுவாய். உன் மகன் மேல் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். நீ பெற்று, நான் இடுப்பில் சுமந்து, ஊர் முழுக்க 'டொக்டர் சீலன்' என்று கும்பிடுகிற உன் மகன் மேல்தான். ஒன்று, சின்னப் பிள்ளையை வேலைக்கு வைத்திருந்ததற்கு. இன்னொன்று, வைத்தியன் என்ற பெயரில் அந்தப் பிள்ளைக்கு அவன் செய்ததற்கு.

நம் பக்கத்தில் குடி, அதாவது வம்சம், தாய்வழி. உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். உன் மகன் என் குடி. அக்கா பிள்ளை சொந்தப் பிள்ளை. அதனால் இது அடுத்த வீட்டுக்காரன் மேல் கொடுத்த முறைப்பாடு மாதிரி இல்லை. இப்போது நம் குடியில் ஒருவரும் என்னோடு கதைப்பதில்லை. கோயிலில் நான் நின்றால் பக்கத்தில் ஒரு பாய் அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. காற்று நன்றாக வருகிறது, அதுவும் நல்லதுதான்.

கோகிலா என்று அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். வாகரைப் பக்கம். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தாய்க்கு நீண்ட நாள் வருத்தம், மருந்து நிறுத்த முடியாத நோய். சீலன் பின்னேரங்களில் நடத்துகிற தனியார் கிளினிக்குக்கு யாரோ கூட்டிவந்து விட்டார்கள். அவன் காசு வாங்காமல் பார்த்தான். ஊர் மெச்சியது. கொஞ்ச நாளில், "புள்ள எங்கட வீட்டில நிக்கட்டும், நான் படிப்பிக்கிறன்" என்றான். ஊர் இன்னும் மெச்சியது. பள்ளிக்கூடச் சீருடையில் அந்தப் பிள்ளையை யாராவது பார்த்தார்களா என்று மட்டும் ஊர் கேட்கவில்லை.

"எங்கட வீட்டுப் புள்ள மாதிரி" என்று உன் மருமகள் வதனி சொல்லாத நாள் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைதான் காலையில் முற்றம் கூட்டுவாள், உடுப்புத் தோய்ப்பாள், சமைப்பாள். பின்னேரம் கிளினிக்கில் காயம் கட்டிக் கழற்றிய துணிகளை வெறுங்கையால் அள்ளி வாளியில் போடுவாள். சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த நேரம் ரியூசனுக்குப் போயிருப்பார்கள்.

போன வருசம் உன் திவசத்துக்கு விடியவே போனேன். வாவியைப் பார்த்தபடி அவன் கட்டிய புது வீடு. முன் விறாந்தையில் உன் படம், மல்லிகை மாலை, குத்துவிளக்கு. ஐயர் வந்து உட்கார்ந்துவிட்டார். வதனி பட்டுச்சேலையோடு வந்தவர்களை வரவேற்றுக்கொண்டு நின்றாள். சமையல் வாசம் பின்னாலிருந்து வந்தது. பலாக்கொட்டைக் கறி, மாங்காய்ச் சொதி, பயற்றங்காய்ப் பிரட்டல், எல்லாம் உனக்குப் பிடித்தவை. கைகொடுக்கலாம் என்று குசினிக்குப் போனால், அங்கே கோகிலா தனியாக. திருவலையில் உட்கார்ந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். முகம் வெளுத்துக் கிடந்தது.

"என்ன புள்ள, வயித்துக்குள்ள என்ன?"

"ஒண்டுமில்ல அம்மா. குளிசை போட்டா இப்பிடித்தான் பிரட்டும். மறுகா சரியாகிரும்."

"என்ன குளிசை?"

"மாசாமாசம் டொக்டர் ஐயா தாறது." குரலை இன்னும் இறக்கினாள். "துடக்கு வராம இருக்க. இண்டைக்குத் திவசம்தானே. வந்தா குசினிக்குள்ள போக ஏலாதாம்."

எனக்கு உடனே விளங்கவில்லை அக்கா. விளங்கியபோது கையிலிருந்த வெற்றிலைத் தட்டத்தைக் கீழே வைத்தேன்.

"நீ எப்ப புள்ள பெரியபுள்ளையானாய்?"

"போன வெள்ளாமை வெட்டுக்கு முந்தி."

"ஆரு தண்ணி வார்த்தது?"

"நானேதான் குளிச்சன். ஒருத்தருக்கும் சொல்லப்படாது எண்டு அன்ரி சொன்னவ."

நம் வீடுகளில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையானால் எப்படி இருக்கும் அக்கா? நீ ஆனபோது அம்மா போட்ட குரவை அடுத்த ஒழுங்கை வரைக்கும் கேட்டதாம். எனக்கு நீதான் முதல் குரவை போட்டாய், போட்டுவிட்டுச் சிரிப்பு வந்து இருமினாய். எவ்வளவு இல்லாத வீடாக இருந்தாலும் நாலு பெண்கள் கூடி, தலைக்குத் தண்ணீர் வார்த்து, நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டுத்தான் பிள்ளையை உள்ளே எடுப்போம். 'எங்கட வீட்டுப் புள்ள' என்றால் அந்த வீட்டிலிருந்து குரவைச் சத்தம் ஏன் வரவில்லை? வெளியில் கேட்டால் தாய் வருவாள், சொந்தம் வரும், பிள்ளையைக் கொஞ்ச நாள் ஒதுக்கி இருத்தவேண்டும். அப்போது பாத்திரம் கழுவ ஆள் வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

முன்னால் சீலன் வேட்டி கட்டிக்கொண்டு உனக்கு இலை போட்டான். அந்தச் சோற்றைத்தான், அந்தக் கறிகளைத்தான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். கண்ணை மூடிக் கும்பிட்டான். காகத்துக்கு வைத்தபோது காகமும் வந்து தின்றது. நீ வந்தாயா அக்கா? சாப்பிட்டாயா? ஒரு சின்னப் பிள்ளையின் உடம்பைக் குளிசை கொடுத்து நிறுத்திவைத்துச் சமைத்த சோறு உன் தொண்டையில் இறங்கியதா? எனக்கு இறங்கவில்லை. ஒரு பிடி வாயில் வைத்தேன், கிணற்றடியில் போய் வாந்தி எடுத்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று வதனி வந்தவர்களுக்குச் சொன்னாள்.

எல்லோரும் போன பிறகு அவனைப் பின்பக்கம் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கக்கூட இல்லை.

"சின்னம்மா, அது பயப்பிடுற மருந்தில்ல. கோயிலுக்குப் போற பொம்பிளையள் எல்லாரும் பாவிக்கிறதுதானே. அம்மாவும் பாவிச்சவதானே."

"அம்மா கலியாணம் கட்டிப் பிள்ளை பெத்தவ. கேட்டு வாங்கிப் போட்டவ. இவள் பதின்மூண்டு வயசுப் புள்ள. மாசாமாசம் குடுக்கிறியாம்."

"வதனிக்கு ஒவ்வொரு மாசமும் மூண்டு நாள் ஆளில்லாமச் சமாளிக்க ஏலாது."

இந்த வசனத்தை ஒரு வைத்தியன் சொன்னான் அக்கா. வருத்தத்துக்கு இல்லை, நோவுக்கு இல்லை, வேலைக்காரி லீவு எடுக்காமல் இருக்க மருந்து கொடுத்திருக்கிறான். மாட்டுக்கு ஊசி போட்டுப் பால் கறக்கிறவனைப் பார்த்தே நாம் காறித் துப்புவோம்.

"தாய்க்குச் சொன்னியாடா?"

"தாய்க்கு நான் சும்மா வைத்தியம் பாக்கிறன். அவ ஒண்டும் கேக்கமாட்டா."

சொல்லிவிட்டு அவன் கை கழுவினான். சவர்க்காரம் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, டொக்டர்மார் கழுவுகிற மாதிரி நன்றாகக் கழுவினான்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற பைத்தியக்காரத்தனம். வெளியில் போகக்கூடாது, குடிக்குள்ளேயே பேசித் தீர்க்கலாம் என்று வட்டாவில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு நம் அம்மானிடம் போனேன். அம்மாவின் தம்பி, குடிக்குப் பெரியவர், கோயில் காரியம் பார்க்கிறவர், போதாததற்குக் கடதாசிகளுக்குச் சாட்சி முத்திரை குத்துகிற சமாதான நீதவான். அவர் இன்னும் சிலரைக் கூப்பிட்டார். தேத்தண்ணீர் குடித்தார்கள், தலையாட்டினார்கள், முடிவு சொன்னார்கள்.

"புள்ளைக்கு ஒரு சடங்கு செஞ்சு போடுவம். நல்ல சேலையா ஒண்டு, காதுக்குத் தோடு. வதனியே முன்னுக்கு நிண்டு செய்யட்டும். மறுகா ஒருத்தரும் வாய் திறக்க ஏலாது."

"மறுகா புள்ள எங்க இருக்கும் அம்மான்?"

"எங்க இருக்கும்? டொக்டர்ர வீட்டிலதான். அங்க மூண்டு நேரமும் சாப்பாடு இரிக்கு."

பிள்ளைக்குப் பட்டுடுத்தி, தோடு போட்டு, குரவை போட்டுவிட்டு, திரும்பவும் குசினிக்கே அனுப்பப் போகிறார்களாம். இதைச் சொல்லும்போது அம்மானின் முகத்தில் ஒரு நிறைவு. பெரிய வழக்கைத் தீர்த்துவிட்ட நிறைவு.

நான் சீலன் வீட்டுக்குத் திரும்பிப் போனபோது கோகிலா அங்கே இல்லை. "ஊருக்கு அனுப்பிட்டம்" என்றாள் வதனி. பொய். வாழைச்சேனையில் இருக்கிற தன் தாய் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள், அங்கேயும் வேலைக்குத்தான். வதனியின் சின்ன மகளே என்னிடம் சொல்லிவிட்டாள். பிள்ளைகளுக்கு இன்னும் பொய் பழகவில்லை. நான் குடிக் கூட்டம் என்று அலைந்த நேரம்தான் அவர்களுக்குப் பிள்ளையை ஒளிக்கக் கிடைத்த நேரம்.

அன்றைக்குத்தான் தொலைபேசியை எடுத்தேன். பிள்ளைகளுக்குக் கொடுமை நடந்தால் காசில்லாமல் எந்த நேரமும் அழைக்கலாம் என்று ஒரு இலக்கம் பஸ் நிலையத்துச் சுவரில் எழுதியிருக்கும். எத்தனையோ தடவை அதன் அடியில் நின்று குடை விரித்திருக்கிறேன். உன் தங்கை தபால் கந்தோரில் வேலை பார்த்தவள், ஊராரின் அழைப்பையெல்லாம் இணைத்துக் கொடுத்தவள். ஆனால் இந்த இலக்கத்தை இரண்டு தடவை பிழையாக அழுத்தினேன். முதலில் சிங்களத்தில் வந்தது, தமிழில் கதைக்கவேண்டும் என்றேன், ஒரு பெண் தமிழில் வந்தாள்.

பெயர் சொல்ல விருப்பமில்லாவிட்டால் சொல்லத் தேவையில்லை என்றாள். ஆனால் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது, என்ன வயது, பள்ளிக்கூடம் போகிறதா, அடி காயம் உண்டா, யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள் என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாமாம். நிரூபித்துக் காட்டுவது அழைப்பவரின் வேலை இல்லையாம், அதைப் பார்க்கத்தான் ஆட்கள் இருக்கிறார்களாம். நான் இரண்டு வீட்டு முகவரியையும் கொடுத்தேன். என் பெயரை அவள் கேளாமலே சொன்னேன். "நான் அவனுடைய சின்னம்மா" என்றேன், அதையும் எழுதிக்கொண்டாள்.

அடுத்த நாளே பிரதேச செயலகத்தில் சிறுவர் காரியம் பார்க்கிற உத்தியோகத்தர் என்னைக் கூப்பிட்டார். இளம் பெண். முதலில் அவள் கேட்டது, "அவங்களிட்டப் போய்ச் சொல்லிட்டீங்களா?"

"ஓம், சொல்லிட்டன்."

"அம்மா, மற்ற ஆக்களுக்கும் சொல்லிக் குடுங்க, முதல்ல அங்க போய்ச் சண்டை பிடிக்கப்படாது. சொன்னா புள்ளைய வேற இடத்துக்கு மாத்திருவாங்க. படம் எடுத்து முகநூலிலயும் போடப்படாது. புள்ளைட பேர் வெளியில வந்தா அது வாழ்நாள் முழுக்க அதுக்குப் பின்னால வரும். எங்களிட்ட வாங்க, இல்லாட்டிப் பொலிசில பெண்கள் சிறுவர் பிரிவு இரிக்கு, வேலைக்கு வெச்சிருந்தாத் தொழில் கந்தோர் இரிக்கு. ஏதாவது ஒரு கதவைத் தட்டினாலே காணும்."

பதினாறு வயதுக்குக் கீழே வீட்டு வேலைக்கும் பிள்ளையை வைக்கக்கூடாது என்பது சட்டம். இதை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அம்மானுக்குத் தெரியாமல் இருக்குமா? சீலனுக்கு?

பொலிசோடு போய் வாழைச்சேனையில் கோகிலாவை எடுத்தார்கள். மீன் கழுவிக்கொண்டிருந்தாளாம். நீதிமன்றத்தில் காட்டி, கொஞ்ச நாள் பாதுகாப்பு இல்லத்தில் வைத்து, பிறகு தாயிடம் விட்டார்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வகுப்பில் பின்தங்கித்தான் இருக்கிறாள், மற்றப் பிள்ளைகள் கேலி பண்ணுகிறார்களாம். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன்.

தாயைப் பார்க்க வாகரைக்குப் போனேன். என்னைக் கண்டதும் அழுதாள், அதுவும் நன்றியில் வந்த அழுகை இல்லை.

"என்ன செஞ்சு போட்டீங்க அம்மா? இனி எனக்கு ஆரு மருந்து தருவா?"

அவளுடைய மருந்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு, அவளைக் கூட்டிக்கொண்டு, பஸ் ஏறி அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனேன். வரிசையில் நின்றோம், துண்டுச் சீட்டு எடுத்தோம், பார்த்தார்கள், மருந்து தந்தார்கள். ஒரு சதம் கேட்கவில்லை. அதே மருந்து. பகலில் அதே ஆஸ்பத்திரியில்தான் உன் மகன் அரசாங்கச் சம்பளத்துக்கு இருக்கிறான். அங்கே வந்தால் சும்மா கிடைக்கும் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல், சும்மா கிடைக்கிற மருந்துக்கு அவளுடைய பிள்ளையை வாங்கிக்கொண்டான். மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்தாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் அவளுக்கும் சேர்த்துப் பல்லைக் கடித்தேன்.

அங்கே வைத்துத்தான் இரண்டாவது முறைப்பாட்டையும் கொடுப்பது என்று முடிவு செய்தேன். பிள்ளையை எடுத்தாகிவிட்டது, இனி விடு என்று எல்லோரும் சொன்னார்கள். குளிசை எழுதுகிற பேனா இன்னும் அவன் கையில்தானே இருக்கிறது?

வைத்தியர் ஒருவர் தொழில் முறை தவறினால், அவர்களைப் பதிவு செய்து வைத்திருக்கிற சபைக்கு எழுதலாம். யாரும் எழுதலாம், நோயாளியாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. ஆனால் வாயால் சொல்லிவிட்டு வரமுடியாது. நடந்ததை, கண்டதையும் காதால் கேட்டதையும் பிரித்து, சத்தியக்கடதாசியாக எழுதி, சமாதான நீதவான் ஒருவர் முன்னால் கையெழுத்து வைக்கவேண்டும். அரசாங்க டொக்டர் என்றால் சுகாதாரத் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி. எழுதிக்கொண்டு அம்மானிடம் போனேன். படித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சொந்தக் குடியில கை வெக்கிறாய். உன்ர அக்கா உன்னட்ட ஒப்படைச்சிட்டுப் போன புள்ள அவன்."

"ஒப்படைச்சதாலதான் அம்மான் வந்திருக்கிறன்."

முத்திரை குத்தமாட்டேன் என்றார். நம் ஊரில் சுற்றிச் சுற்றி எல்லாச் சமாதான நீதவானும் அவனிடம் பிரசர் பார்க்கிறவர்கள். கடைசியில் காத்தான்குடிக்குப் போனேன். துணிக்கடை வைத்திருக்கிற ஒரு வயதானவர், நான் முன்பின் கண்டதில்லை. கடையில் மூட்டைகளுக்கு நடுவே இருந்து முழுவதையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"டொக்டர் உங்களுக்கு என்ன முறை தங்கச்சி?"

"மகன்."

நிமிர்ந்து பார்த்தார். "சத்தியம் பண்ணுறது லேசில்ல. இதில ஒரு எழுத்தாவது கூட்டிக் குறைச்சு இரிக்கா?"

"இல்ல."

"அப்ப கையெழுத்து வைங்க. எண்ட மகனா இருந்தா எனக்கு இந்தத் தைரியம் வருமோ, அல்லாஹ்தான் அறிவான்." முத்திரை குத்திவிட்டு பால் விடாத பிளேன் ரீ ஒன்று வரவழைத்துத் தந்தார். உன் திவசத்துக்குப் பிறகு முதல்முறையாக ஏதோ ஒன்று குமட்டாமல் உள்ளே போனது.

முறைப்பாடு போய்ச் சேர்ந்துவிட்டது. விசாரணைக்கு அழைப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். எப்போது, என்ன முடிவு என்று எனக்குத் தெரியாது. அதற்குள் சீலன் ஒருநாள் வந்தான். வாசலிலேயே நின்றான், செருப்பைக் கழற்றவில்லை.

"அம்மா இருந்திருந்தா இப்பிடிச் செஞ்சிருப்பாவா சின்னம்மா?"

எனக்குத் தெரியவில்லை அக்கா, அதுதான் உண்மை. நீ என் பக்கத்தில் நின்றிருப்பாயா? அல்லது வதனிக்குப் பக்கத்தில் நின்று, 'வெளியில சொல்லாத' என்றிருப்பாயா? நீ நல்லவள்தான், ஆனால் மகன் என்றால் உனக்குக் கண் தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "இவனைப் பாத்துக்கொள்" என்றாய். நான் பார்த்தேன். பார்த்ததைத்தான் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

கோகிலாவுக்குப் பிந்தியாவது தண்ணீர் வார்த்தார்கள், அதையும் சொல்லவேண்டும். வாகரையில், தாயின் குடிசை முற்றத்தில். என்னையும் கூப்பிட்டார்கள். குரவை போடச் சொன்னார்கள். கிழட்டு நாக்கு, சுழலவில்லை. உன்னைப் போல இருமல்தான் வந்தது. பிள்ளை சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்த வருசம் உன் திவசத்தை என் வீட்டில் செய்யப் போகிறேன். பலாக்கொட்டை வாங்கி வைத்துவிட்டேன். சமையல் முழுக்க என் கையால். அதற்கு முன்னோ பின்னோ விசாரணைக்குக் கூப்பிட்டால் போவேன், அவன் எதிரில் இருப்பான், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாம் சொல்வேன். திவசத்துக்கும் அவனைக் கூப்பிடுவேன், நீ பெற்றவன், உனக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கவேண்டியவன். வந்தால் உனக்குப் பக்கத்தில் அவனுக்கும் இலை போடுவேன், கேட்டுக் கேட்டுப் பரிமாறுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. ஆனால் என் வீட்டில் சாப்பிட்ட இலையை அவன்தான் எடுக்கவேண்டும்.

உன்னோடு கூடப்பிறந்தவள்,
சீலனுக்கு இப்போதும் சின்னம்மா,
பூமணி